319 ரூபாய் 17 பைசா

என் சித்தப்பாவின் பிக்கப் வண்டியில், டிரைவர் சீட்டின் மேல் ஒரு தலையணை இருக்கும். தலையணைக்குக் கீழே மடித்த சாக்கு. சாக்குக்குக் கீழே இன்னொரு சாக்கு. அதற்கும் கீழே தோண்டிப் பார்த்தால், 2005-ல் கம்பெனி கொடுத்த ஒரிஜினல் சீட் கிடைக்கும்.

முதல் சாக்கு வந்தபோது சித்தப்பா, "ரோடு மோசமாயிருச்சு" என்றார். இரண்டாவது சாக்கு வந்தபோது, "எனக்கும் வயசாகுதில்ல" என்றார். தலையணை வந்தபோது சித்தி முந்திக்கொண்டாள். "அடுத்து கட்டிலத் தூக்கி உள்ள போட்டுக்குவாரு பாரு!"

ஆக, மூன்று வருஷமாக ரோட்டையும் வயசையும் திட்டினாரே தவிர, வண்டியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்டியும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் கதையில் வில்லன் அந்த மௌனம்தான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஒட்டன்சத்திரம் பக்கம். ராத்திரி மூணு மணிக்கு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு கிளம்பியவர், "சும்மாதானே இருக்கே, வாடா" என்று எழுப்பினார். பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்றால் சும்மா இருப்பவன் என்பது எங்கள் குடும்பத்தில் ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஏறினேன்.

ஊர் எல்லையில் ஒரு வேகத்தடை. தடை ஒன்றுதான். நாங்கள் தாண்டியது நாலு தடவை. வண்டியின் மூக்கு மேலே போய், கீழே வந்து, 'எங்கே விட்டோம்?' என்று யோசித்து, மறுபடி மேலே போனது. கூரையில் என் தலை பட்டது. சித்தப்பாவின் தலை படவில்லை. ஏனென்றால் அவர் வண்டியோடு சேர்ந்து ஏறி இறங்கக் கற்றுக்கொண்டிருந்தார். குதிரைச் சவாரிக்காரர் மாதிரி ஒரு லயம்.

"பழகிரும்டா" என்றார்.

பழகுவதற்குள் ஒரு திருப்பம் வந்தது. வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். எதிரே டிவிஎஸ்-50-யில் பால் கேன்களோடு ஒருவர். சித்தப்பா பிரேக்கை மிதித்தார். நன்றாகவே மிதித்தார். வண்டியின் முகம் தரையை முகர்கிற மாதிரி கவிழ்ந்தது. ஆனால் நிற்கவில்லை. முன்சக்கரங்கள் தட-தட-தடவென்று பள்ளத்துக்குப் பள்ளம் தாவிக்கொண்டு போனதே தவிர, பிடிக்கவில்லை. பால்காரர் மண் தரையில் இறங்கிவிட்டார். அவருக்கும் எங்கள் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும்.

அவர் எங்கள் வம்சத்தைப் பற்றிச் சொன்னதை இங்கே அச்சிட முடியாது. சித்தப்பா பதில் பேசவில்லை. மார்க்கெட் போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை மட்டும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

மார்க்கெட்டில் அடித்தட்டுப் பெட்டிகளை இறக்கியபோது சாறு ஒழுகியது. மண்டிக்காரர் ஒரு பழத்தை எடுத்துப் பார்த்து, "என்னய்யா, ரசமாவே வச்சுக் கொண்டாந்துட்டியா?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கழிவு எழுதினார். பத்துப் பெட்டிக்கு ஒரு பெட்டி. விவசாயி வாடகையில் பிடித்துக்கொள்வார். கொஞ்ச நாளாகவே இப்படித்தானாம். ஊரில் புது மினி லாரி வாங்கிய பையன்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். லோடு ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. இதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

திரும்பி வரும்போது டீக்கடையில் என் பி.காம். மூளை விழித்துக்கொண்டது. வாடகைக்கு ஓடுகிற லாரிகளுக்கு வருமான வரிக் கணக்கில் வருஷத்துக்கு 30 சதவீதம் தேய்மானம். மீதி இருக்கிற மதிப்பில் மறுபடி 30 சதவீதம். இப்படியே கழித்துக்கொண்டு போக வேண்டும். 2005-ல் நாலு லட்சத்துக்கு வாங்கிய வண்டி. இருபது வருஷத் தேய்மானம். செல்ஃபோனில் தட்டிப் பார்த்தேன்.

"சித்தப்பா, உங்க வண்டியோட மதிப்பு இப்ப எவ்வளவு தெரியுமா? 319 ரூபாய் 17 பைசா."

டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். சித்தப்பா கிளாஸைக் கீழே வைத்தார்.

"பைசா எதுக்குடா?"

"கணக்குன்னா கணக்கு. இந்த முறையில ஒரு வசதி, மதிப்பு குறைஞ்சுக்கிட்டே போகும், ஆனா பூஜ்யமே ஆகாது. வித்துருங்க சித்தப்பா. பழைய இரும்புக்குப் போட்டாலும் அதைவிட ஆயிரம் மடங்கு..." (ஆயிரம் மடங்கு வராது. ஆனால் டீக்கடையில் ஆடிட் கிடையாது.)

அவர் கோபப்படவில்லை. "நீ அந்தக் கணக்கப் படிச்சதே இந்த வண்டி வாடகையிலதான்டா" என்று மட்டும் சொன்னார். என் காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல் பெட்டி, தகர டிரங்க், எல்லாம் அந்த வண்டியில் போனவைதான். மீதி டீயை நான் பேசாமல் குடித்தேன்.

நேரே மெக்கானிக்கிடம் போனோம். புளியமரத்தடிப் பட்டறை. அறுபத்தைந்து வயசு. முழங்கால் வலியால் வண்டிக்கு அடியில் படுப்பதை நிறுத்திவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தபடி ஆட்சி செய்கிறவர். நாங்கள் போய் நின்றதும், என்ன ஏது என்று கேட்கவில்லை. எழுந்து வந்து, முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு எதையோ தொட்டுப் பார்த்தார். அந்தப் பக்கம் போய் அங்கேயும் தொட்டார். டாக்டர் நெற்றியைத் தொடுகிற மாதிரி.

"ஜுரமே இல்லியே ஓனரே" என்றார் கவலையாக.

"இல்லேன்னா நல்லதுதானே மேஸ்திரி?"

"செத்த உடம்புக்கு எங்க ஜுரம் வரும்? ரெண்டு முன் ஷாக் அப்சார்பரும் போயிருச்சு."

நான் மெதுவாகக் கை விட்டுப் பார்த்தேன். அவ்வளவு மோசமான ரோட்டில் ஓடி வந்த வண்டியில், சில்லென்று இருந்தது. இடது பக்கத்தில் எண்ணெய் கசிந்து, அதன் மேல் மூன்று வருஷத்துப் புழுதி அப்பி, மொளகாப்பொடி இட்லி மாதிரி இருந்தது.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த அனுமதியுங்கள். எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது, அந்த உற்சாகம்.

ஷாக் அப்சார்பர் என்று பேர் வைத்தவர் பெரிய குழப்பவாதி. அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அது இல்லை, ஸ்பிரிங். வண்டியின் பாரத்தைத் தாங்குவதும் ஸ்பிரிங்தான். நம்ம ஊர் வில்வண்டியில் இருந்ததே, அந்த வில். அதையே கட்டாக அடுக்கினால் பிக்கப்பின் பட்டை ஸ்பிரிங். ஆனால் ஸ்பிரிங்குக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும். அமுக்கினால் எகிறும். எகிறினால் மறுபடி அமுங்கும். ஊஞ்சல் மாதிரி. ஊஞ்சலை நிறுத்த என்ன செய்கிறோம்? காலைத் தரையில் ஊன்றுகிறோம். அந்த ஊன்றுகிற கால்தான் ஷாக் அப்சார்பர்.

உள்ளே விஷயம் ரொம்ப எளிமை. ஒரு குழாய், அதில் எண்ணெய், எண்ணெயில் ஓடும் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சின்னச் சின்ன ஓட்டைகள், வால்வுகள். சக்கரம் ஏறி இறங்கும்போது பிஸ்டன் நகரும். எண்ணெய் அந்த ஓட்டைகள் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டும். பொறுமையாகத் தள்ளினால் வழி விடும். அவசரப்பட்டால் முரண்டு பிடிக்கும். ரேஷன் கடை ஊழியர் சுபாவம். அதிலும் பெரும்பாலானவை உள்ளே அமுங்கும்போது காட்டுகிற எதிர்ப்பைவிட, வெளியே நீளும்போது காட்டுகிற எதிர்ப்பு அதிகம். சீட்டுக் கம்பெனியில் போட்ட பணம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நெருக்கடியில் ஆட்டத்தின் சக்தியெல்லாம் சூடாக மாறிவிடுகிறது. அதனால்தான் மெக்கானிக் ஜுரம் பார்த்தார். மோசமான ரோட்டில் ஓடி வந்த பிறகு வெதுவெதுப்பாக இருந்தால் ஆள் வேலை செய்கிறார். சில்லென்று இருந்தால் சம்பளம் மட்டும் வாங்குகிறார். உங்கள் ஆபீஸிலும் அப்படி யாராவது இருக்கலாம், எனக்கெதற்கு.

ஃபோர்டு கம்பெனி 1908-ல் கொண்டுவந்த மாடல் டி காரில் ஷாக் அப்சார்பரே கிடையாது. ஜனங்கள் குதித்துக் குதித்துத்தான் போனார்கள். 1927 கடைசியில் மாடல் ஏ வந்தபோதுதான் நாலு சக்கரத்துக்கும் எண்ணெய் ஷாக் அப்சார்பர் வைத்துக் கொடுத்தார்கள். வில்வண்டிக்கு ஏன் தேவைப்படவில்லை என்றால், மாட்டின் வேகத்துக்கு அந்தப் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே போதுமான பிரேக்.

அப்புறம் அந்தப் பால்காரர் விஷயம். பிரேக் பிடிப்பது சக்கரத்தைத்தான். வண்டியை நிறுத்துவது டயரும் ரோடும் சேர்ந்து. ஷாக் அப்சார்பர் போன வண்டியில், பள்ளத்துக்குப் பள்ளம் சக்கரம் எகிறிக்கொண்டே இருக்கிறது. டயர் அந்தரத்தில் இருக்கும்போது பிரேக் பிடித்து யாருக்கு லாபம்? மெக்கானிக் டயரைச் சுற்றித் தடவிக் காட்டினார். ஓரிடத்தில் மேடு, ஓரிடத்தில் பள்ளம். "பாருங்க தம்பி, குதிச்ச எடமெல்லாம் தேஞ்சிருக்கு."

வேறெந்த பாகம் போனாலும் வண்டி நின்றுவிடும். பாட்டரி போனால் நிற்கும். கிளட்ச் போனால் நிற்கும். இது போனால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். தினம் கொஞ்சமாகப் போகும், நாமும் தினம் கொஞ்சமாகப் பழகிக்கொள்வோம். சித்தப்பாவின் இரண்டு சாக்கும் ஒரு தலையணையும் அப்படி வந்தவைதான்.

"எண்ணெ ஒழுகறது இடதுதானே, அத மட்டும் மாத்தினாப் போதாதா மேஸ்திரி?" என்றார் சித்தப்பா.

"ஒத்தக் காலுக்கு மட்டும் செருப்பு வாங்குவீங்களா ஓனரே? பிரேக் புடிச்சா ஒரு பக்கம் அமுங்கும், ஒரு பக்கம் எகிறும். ஜோடியாத்தான் மாத்தணும்."

"ரீகண்டிஷன் பண்ணினது பாதி விலைக்குக் கெடைக்குதாமே?"

"கெடைக்கும். மேல கறுப்புப் பெயிண்ட் பளபளன்னு இருக்கும். உள்ள என்ன எண்ணெய ஊத்தினான்னு அவனுக்கே தெரியாது."

பட்டறைப் பையன் திருப்பூர் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டானாம். மெக்கானிக் குனிய முடியாது. சித்தப்பாவுக்கு இடுப்பு ஏற்கெனவே ஆடிப்போயிருக்கிறது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீதான் படிச்சவனாச்சே" என்றார் சித்தப்பா. படிப்பு எந்தச் சமயத்தில் எப்படித் திருப்பி அடிக்கும் என்று சொல்ல முடியாது.

சாமான் வாங்க பஸ் பிடித்துத் திண்டுக்கல் போனேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வண்டி பேர், வருஷம், மாடல் எல்லாம் ஒப்பித்தேன். கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "சாம்பிள் கொண்டாந்தீங்களா?" இல்லை. "ரெண்டு பக்கமும் கண்ணா, ஒரு பக்கம் கம்பியா?" முழித்தேன். மாட்டுகிற முனையில் வளையம் இருந்தால் கண்ணாம். மரை போட்ட தண்டு நீட்டிக்கொண்டிருந்தால் கம்பியாம். மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டு, கடைக்காரரிடமே கொடுத்துவிட்டேன். இரண்டு நிபுணர்களும் எட்டு வினாடியில் பேசி முடித்தார்கள். புது ரப்பர் புஷ் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம். வண்டியின் மதிப்பைப் போலப் பத்து மடங்கு! எந்த ஆடிட்டரும் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தோம். அடுத்த நாள் விடியற்காலம் ஆயக்குடியிலிருந்து கொய்யா லோடு. முந்தின வாரம் ஒரு லோடு கைமாறியிருந்ததால், இதை விட்டால் அந்த வியாபாரி திரும்பக் கூப்பிட மாட்டார் என்று சித்தப்பா ஒரு தரம்தான் சொன்னார். நாள் முழுக்க எனக்குள் அது ஓடிக்கொண்டிருந்தது.

பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஹேண்ட் பிரேக். கியர். ஜாக்கி வைத்துத் தூக்கியதும் நான் உற்சாகமாக அடியில் புகப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து ஒரு கர்ஜனை.

"தம்பி! ஜாக்கி தூக்கறதுக்கு. தாங்கறதுக்கு இல்ல!"

இரும்பு ஸ்டாண்டுகளை முன் ஆக்சிலுக்கு அடியில் இரண்டு பக்கமும் வைத்து, வண்டியை அதில் உட்கார வைத்து, ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுமதித்தார். ஆக்சிலுக்கு அடியில் வைப்பதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. ஸ்பிரிங், தரையில் நிற்கிற மாதிரியே அமுங்கி இருக்கும். புது புஷ்ஷை அந்த நிலையில் இறுக்க வேண்டும். சக்கரத்தைத் தொங்கவிட்டு இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். முறுக்கின ரப்பர் சீக்கிரம் கிழிந்துவிடும்.

கார் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த இடத்தில் உணர்ச்சிவசப்பட்டு ஸ்பேனர் எடுக்க வேண்டாம். இப்போதைய கார்களில் பெரும்பாலும் முன்பக்கத்தில் ஷாக் அப்சார்பரைச் சுற்றியே சுருள் ஸ்பிரிங் இருக்கும். அதைக் கிடுக்கி போட்டு அமுக்காமல் நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் துப்பாக்கிக் குண்டு மாதிரி கிளம்பும். பட்டை ஸ்பிரிங் பிக்கப்பில் அந்த வம்பு இல்லை. ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி. மேலே சேஸிஸில் ஒரு பின், கீழே ஆக்சில் பக்கம் ஒரு பின். வளையத்தை அதில் கோத்து, ரப்பர் புஷ், வாஷர், நட்டு. மொத்தம் நாலே நாலு நட்டு. அரை மணி நேர வேலை என்று சித்தியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

அண்ணாந்து படுத்ததும் முதலில் விழுந்தது துரு. கண்ணில். இரண்டாவதாக விழுந்ததும் துரு. வாயில். ஏன் என்றால், கண்ணில் விழுந்தது என்று சொல்லத் திறந்திருந்தேன். முதல் நாள் ராத்திரியே நாலு நட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விடச் சொல்லியிருந்தார். மூன்றுக்கு அடித்திருந்தேன். வலது மேல் நட்டு சேற்றுக்குள் இருந்ததால் என் கண்ணுக்குப் படவில்லை.

மூன்று நட்டும் முனகிக்கொண்டே வந்தன. நாலாவது வரவில்லை. எண்ணெய் அடித்தேன். சுத்தியலால் தட்டினேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து கெஞ்சினேன். "கியாஸ் வச்சு சூடு காட்டலாமா?" என்று கேட்டதற்கு மெக்கானிக், "உள்ள எண்ணெ இருக்குது தம்பி. வெடிச்சா உங்கள எந்தக் கணக்குல எழுதறது?" என்றார். கடைசியில் ஸ்பேனருக்குப் பின்னால் ஒரு நீளமான பைப்பைச் சொருகி, இரண்டு காலையும் டயர் மேல் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன்.

'டக்.'

"வந்துருச்சு!" என்று கத்தினேன். வந்ததுதான். நட்டு, அதோடு பின்னில் பாதி.

புளியமரத்தடியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சித்தப்பா எழுந்து, மணி பார்த்தார். மூன்றரை. மரை கழன்ற கேஸ் என்று என்னைப் பற்றி ஊரில் ஏற்கெனவே அபிப்பிராயம் உண்டு. இப்போது சாட்சியும் கையில் இருந்தது.

மெக்கானிக் மட்டும் அசரவில்லை. "இருவது வருஷத் துரு. யார் இழுத்தாலும் முறியும். அழாதீங்க தம்பி" என்றார். (அது துரு விழுந்த கண். நான் அழவில்லை.) லேத் பட்டறைக்கு ஆள் அனுப்பி, முறிந்த துண்டைக் காட்டி, அதே அளவில் பின் கடையச் சொன்னார். வெல்டிங்காரர் வர ஏழு மணி ஆகிவிட்டது. வந்ததும் முதலில் பாட்டரி ஒயரைக் கழற்றச் சொன்னார்கள். டீசல் பைப் பக்கம் ஈரச் சாக்கு போட்டார்கள். சித்தப்பாவின் முதல் சாக்கு, நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது. பழைய பின்னின் மிச்சத்தைத் துளைத்து எடுத்துவிட்டு, புதுசை நேராக நிறுத்திப் பற்றவைத்தார். அறுநூறு ரூபாய். சித்தப்பா எண்ணிக் கொடுத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

வெல்டிங் ஆறுகிற நேரத்தில் மெக்கானிக் பழைய ஷாக் அப்சார்பரை என் கையில் கொடுத்து அமுக்கச் சொன்னார். ஒரு விரலால் அமுக்கினேன், மருந்தில்லாத ஊசி மாதிரி உள்ளே போனது. சளக் என்று சத்தம். இழுத்தால் வந்தது. மூன்று வருஷமாக, மூட்டை மூட்டையாகப் பாரம் ஏற்றிய வண்டியின் ஆட்டத்தை நிறுத்த இதுதான் இருந்திருக்கிறது. அப்புறம் புதுசைக் கொடுத்தார். இரண்டு கையாலும் உடம்பு எடையைப் போட்டு அமுக்க வேண்டியிருந்தது. இழுப்பது அதைவிடக் கஷ்டம். நேராக நிறுத்தி, ஐந்தாறு தடவை முழுசாக அமுக்கி இழுக்கச் சொன்னார். கடையில் படுக்க வைத்திருந்ததில் உள்ளே புகுந்த காற்று வெளியேற வேண்டுமாம். இதைச் செய்யாமல் மாட்டிவிட்டு, 'புதுசே சரியில்லை' என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள் உண்டாம்.

ரப்பர் புஷ் உள்ளே நுழைய அடம்பிடித்தது. கிரீஸ் டப்பாவை எடுத்தேன். மறுபடி கர்ஜனை. கிரீஸும் எண்ணெயும் பட்டால் ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும். சோப்புத் தண்ணி தடவினேன், சமர்த்தாக நுழைந்தது. வாஷர், நட்டு, ஸ்ப்ளிட் பின். வலுவெல்லாம் காட்டி இறுக்கப் போனவனை, "ரப்பர் லேசாப் பிதுங்கினாப் போதும். பழத்தப் பிழியாதீங்க" என்று தடுத்தார். எல்லா நட்டிலும் விரலை வைத்துத் தானே ஒரு தரம் தொட்டுப் பார்த்தார், அந்த முழங்காலோடு, குனிந்து.

முடிந்தபோது ராத்திரி பத்தே முக்கால்.

வண்டியை இறக்கி, ஊரைச் சுற்றி அதே கரடுமுரடு ரோட்டில் நாலு கிலோமீட்டர் ஓட்டினோம். மெக்கானிக் நடுவில், நான் கதவோரம். வேகத்தடை வந்தது. நான் கூரையைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டேன். வண்டி ஏறியது. இறங்கியது. அவ்வளவுதான். தூக்கின கை தூக்கினபடி இருந்தது. சித்தப்பா கூட வழக்கமான லயத்தில் எகிறிவிட்டு, வண்டி கூட வராததால் அசடு வழிந்தார்.

அந்தத் திருப்பத்தில், ஒருத்தரும் சொல்லாமலே, பிரேக்கை அழுத்தி மிதித்தார். நின்றது. பள்ளங்களுக்கு நடுவே, குனியாமல், தடதடக்காமல், நின்றது. அவர் கொஞ்ச நேரம் இன்ஜினை ஓடவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பால்காரர் இறங்கிய மண்ணில் டயர் தடம் இன்னும் இருந்தது.

இறங்கி, செல்ஃபோன் வெளிச்சத்தில், முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டேன். வெதுவெதுப்பு. அந்தப் பக்கமும் ஓடிப் போய்த் தொட்டேன். அதே சூடு.

"ஜுரம் இருக்குது!" என்று நடுரோட்டில் கத்தினேன்.

"ரெண்டு பேருக்கும்?" என்றார் மெக்கானிக் உள்ளேயிருந்து.

"ரெண்டு பேருக்கும்!"

பைக்கில் ஆபீஸ் போகிற வாசகர்களும் சாயங்காலம் வீடு திரும்பியதும் பின்பக்க ஷாக் அப்சார்பரை இப்படித் தொட்டுப் பார்க்கலாம். பக்கத்திலேயே சைலன்ஸர் இருக்கும். அதைத் தொட்டுவிட்டு எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

கொய்யா லோடுக்கு விடியற்காலம் நானும் போனேன். கிளம்பும் முன் சித்தப்பா ஒரு முடிவோடு தலையணையைத் தூக்கிச் சித்தி கையில் கொடுத்தார். மிச்சமிருந்த சாக்கையும் உருவி எறிந்தார். ஒரிஜினல் சீட்டில் கம்பீரமாக உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்படியே யோசித்தார்.

"என்ன சித்தப்பா?"

"ரோடு தெரியலடா."

மூன்று வருஷமாக அரை அடி உயரத்தில் உட்கார்ந்து ஓட்டியவர். ஸ்டியரிங்குக்கு மேலே அவருடைய நெற்றிதான் தெரிந்தது. சித்தி ஒன்றும் சொல்லாமல் தலையணையைத் திருப்பிக் கொடுத்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் கொடுத்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

கொய்யா ஒன்றுகூட நசுங்கவில்லை. வியாபாரி ஒவ்வொரு பெட்டியாகக் கிளறிப் பார்த்துவிட்டு, "பிஞ்சு ஜாஸ்தியா இருக்குதே" என்று அவருடைய விவசாயியிடம் கழிவுக்குப் பேச ஆரம்பித்தார். அது எங்கள் பிரச்னை இல்லை. அடுத்த செவ்வாய்க்கும் வரச் சொன்னார்.

சென்னைக்கு பஸ் ஏறும்போது சித்தப்பா என்னிடம் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். ஷாக் அப்சார்பர், புஷ், பின், வெல்டிங், டீ எல்லாம் அவர் கையெழுத்தில் வரிசையாக இருந்தது. கீழே கூட்டுத்தொகை. அதோடு 319 ரூபாய் 17 பைசாவைச் சேர்த்து, இரண்டு கோடு போட்டிருந்தார்.

"இத உன் கணக்குல ஏத்திக்கடா" என்றார். "பின்னாடி ரெண்டுக்கும் ஜுரம் இல்லேங்கறாரு மேஸ்திரி. சித்திரைக்கு வரும்போது, நாலு நட்டுக்கும் எண்ணெ அடிச்சுட்டுப் படு."